மருந்துக்கடை அக்காவின் பக்கம்

"இப்போ நீங்க சொல்லுங்க."

மருந்து உறையை நீட்டிய பிறகும் அக்கா கையை எடுக்கமாட்டார். உறையின் ஒரு முனை வாங்குபவர் கையில் இருக்கும். மறுமுனை அக்காவின் இரண்டு விரல்களுக்கு நடுவில். வெள்ளை மாத்திரை காலையில் ஒன்று, சாப்பிட்ட பின். மஞ்சள் மாத்திரை இரவில் பாதி, சாப்பிடும் முன். அவர் சொன்னதை எதிரில் நிற்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவசரக்காரர்கள் உறையை இழுத்துப் பார்ப்பார்கள். உறை கிழியுமே தவிர வராது.

"பள்ளிக்கூடத்துலகூட நான் இப்படி ஒப்பிச்சதில்லைம்மா" என்று போன சனிக்கிழமை ஒரு பெரியவர் அலுத்துக்கொண்டார்.

"அங்க விட்டதை இங்க பிடிக்கிறோம், ஐயா. சொல்லுங்க. மஞ்சள் எப்போ?"

அவர் சரியாகச் சொன்னார். விரல்கள் விட்டன.

அக்காவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. கொண்டையில் குத்திய பென்சில். வளையல் இருக்க வேண்டிய மணிக்கட்டில் நாலைந்து ரப்பர் பேண்டு. எதையாவது எண்ணும்போது உதடு அசையும், சத்தம் வராது. பில் போடும் மேசையில் இருப்பவள் அவருடைய தங்கை; அவளும் அதே மருந்தாளர் படிப்பு படித்தவள்தான். அக்கா எண்ணிப் பேசினால் தங்கை அள்ளி விடுவாள். கடையின் பின்னறையில் ஓர் அலமாரி முழுக்கப் பழைய மாத்திரைப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு சீட்டு: 'விளக்கு, சிவப்பு, 22.' 'விளக்கு, பச்சை, 9.' 'மோட்டார், சிறியது, பொம்மைக் காரில் எடுத்தது, 3.'

"ஒருநாள் அவசரத்துல இருமல் மாத்திரைன்னு பச்சை எல்இடி விளக்கை எண்ணிக் கொடுக்கப் போயிட்டேன்" என்பாள் தங்கை. "முழுங்கியிருந்தா தொண்டை எங்க புண்ணுன்னு டாக்டருக்கு டார்ச் அடிக்காமலே தெரிஞ்சிருக்கும்."

அந்தப் புட்டிகள் வந்த கதைக்குப் பன்னிரண்டு வயது. நூலகத்தின் மாடியில், பழைய செய்தித்தாள் கட்டுகள் அடுக்கியிருந்த அறையைப் பாதி காலி செய்து, சனிக்கிழமை தோறும் இரண்டு மணிக்கு ஒரு வகுப்பு தொடங்கினார்கள். நாலு மேசை, ஒரு மின்விசிறி, பெயின்ட் அடித்ததில் ஒட்டிக்கொண்டு திறக்காமலே போன ஜன்னல்கள். கதவில் 'ஃபிசிக்கல் கம்ப்யூட்டிங்' என்று தாள் ஒட்டியிருந்தது. கணினியைத் திரைக்குள் அடைத்து வைக்காமல், விளக்கு, மோட்டார், வெப்பம், வெளிச்சம் இவற்றோடு பேச வைக்கிற வித்தை. இது எங்களில் பலருக்கு முதல் நாள் தெரியாது. சலூன் வைத்திருந்த ஒருவர் விளையாட்டு பனியனோடு வந்து நின்றார்.

"ஃபிசிக்கல்னு போட்டிருந்துச்சு. தொப்பை குறையும்னு வந்தேன்" என்றார். தொப்பை குறையவில்லை, ஆனால் கடைசி நாள் வரை அவர் ஒரு வகுப்பும் விடவில்லை.

சொல்லிக் கொடுத்தவளுக்கு இருபத்துநாலு வயதுதான். பதினோரு மாணவர்களில் எல்லோருமே அவளைவிட மூத்தவர்கள். எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். நான் ஒரு பத்திரிகையில் துணையாசிரியனாக இருந்தேன். கட்டுரைக்காக ஒரே ஒரு நாள் எட்டிப்பார்க்கப் போனவன். கட்டுரை வந்து, பத்திரிகையே நின்றுபோன பிறகும் போய்க்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எங்காவது கம்பி ஒட்டும் ஈயம் உருகும் வாசனை வந்தால் எனக்கு அந்த மாடிப்படி ஞாபகம் வரும். பதினேழு படி, எட்டாவது படி ஆடும்.

டீச்சர் இணையத்தில் ஒரு பொதுப் பக்கம் திறந்து வைத்திருந்தாள். வாரம் ஒருவர், அன்று செய்ததைக் குறிப்பாக எழுதி, படம் சேர்த்து, எந்தப் பொருள் எங்கே கிடைக்கும் என்பதையும் போட வேண்டும். எழுதும் உரிமை வகுப்புக்கு. படிக்கும் உரிமை உலகத்துக்கு. "நான் சொல்றது மறந்துடும். நீங்க எழுதுறதுதான் நிக்கும்" என்றாள்.

முதல் வாரம் வங்கியில் வேலை பார்த்த ஒருவர், 'இன்று வகுப்பு சிறப்பாக நடைபெற்றது' என்று ஒரே வரியில் கடமையை முடித்தார். இரண்டாம் வாரம் சலூன்காரர் பதினோரு படம் போட்டார். பதினொன்றிலும் அவர் முகம் தெளிவாக இருந்தது, மின்சுற்று மங்கலாக இருந்தது. மூன்றாம் வாரம் என் முறை. மூன்று பக்கம் எழுதினேன். திறக்காத ஜன்னல் வழியாக வந்த மாலை வெயில் கம்பிகள் மேல் விழுந்ததைப் பற்றி மட்டும் ஒரு பத்தி.

டீச்சர் படித்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு சார்" என்றாள். பிறகு தயங்கி, "இதுல எந்தக் கம்பியை எங்க செருகணும்?" என்றாள்.

நாலாம் வாரம் மருந்துக்கடை அக்கா எழுதினார். அவருக்குத் தெரிந்த எழுத்து மருந்துச் சீட்டு எழுத்து ஒன்றுதான். குறிப்பையும் அப்படியே எழுதிவிட்டார்.

'வேலைக்கு முன்: கேபிளைக் கழற்றவும். கை ஈரமில்லாமல் இருக்கட்டும். ஒன்று: சிவப்புக் கம்பி, துளைப் பலகையில் ஐந்தாம் வரிசை, ஒருமுறை. இரண்டு: விளக்கின் நீளமான கால் அதே வரிசையில். விளக்கு எரியாவிட்டால்: கால் மாற்றிச் செருகவும். அப்போதும் எரியாவிட்டால் அது தூங்கவில்லை, போய்விட்டது, வேறு எடுக்கவும். பக்க விளைவுகள்: மோட்டார் மேசையிலிருந்து குதிக்கலாம். கிடைக்கும் இடம்: உடைந்த பொம்மை, பழைய பிரின்டர். வேலைக்குப் பின்: எண்ணிப் பார்த்துப் புட்டியில் போடவும்.'

அன்றோடு முறை வைத்து எழுதுவது ஒழிந்தது. அக்கா எழுதுவார், நாங்கள் செய்வோம். ஞாயிறு மாலைக்குள் குறிப்பு வந்துவிடும். கம்பியைக் கழற்றுவதற்கு முன்பு அவர் நாலு பக்கமும் படம் எடுப்பார். அவசரக் கை யாருடையதாவது கம்பியை நோக்கிப் போனால், "இருங்க, இருங்க, உசிரோட ஒரு படம் எடுத்துக்கறேன்" என்று மேசை மேல் பாய்வார். யார் யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் குறிப்புகளுக்குக் கீழே நன்றி எழுதத் தொடங்கினார்கள். அதைப் படிக்கும்போது அக்காவின் காது மடல் சிவந்துபோகும்.

ஒன்பதாம் வாரம் வெப்பம் அளக்கும் சென்சார். பட்டாணி அளவு, மூன்று கால். ஒரு முகம் தட்டை, மறுமுகம் வளைவு. தட்டை முகம் நம்மைப் பார்த்தால் இடது கால் மின்சாரத்துக்கு. வளைந்த முகம் நம்மைப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். அக்கா வீட்டில் உட்கார்ந்து படம் எடுத்தபோது வளைந்த முகம் தெரியும்படி வைத்துவிட்டார். குறிப்பில் இடது, வலது என்று எழுதியது மட்டும் வகுப்பில் கேட்டபடி தட்டை முகத்துக்கு. இவ்வளவுதான் தப்பு. ஆனால் அந்தச் சென்சாரை மாற்றிச் செருகினால் அது வெப்பத்தை அளக்காது, தானே கொதிக்கும். குறிப்பின் கடைசி வரி: 'செருகிய பின் இரண்டு விரலால் மெல்லப் பிடிக்கவும். திரையில் எண் ஏறும்.'

அடுத்த சனிக்கிழமை நாலு பேர் கருகிய சென்சாரோடு வந்தார்கள். சலூன்காரர் வலது பெருவிரலில் கட்டோடு வந்தார்.

"ஏறுச்சுக்கா" என்றார் உள்ளே நுழையும்போதே. "எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறுச்சு."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "நாலு நாளா கத்திரி பிடிக்க முடியல. வாடிக்கையா வர்றவங்க எட்டிப் பாத்துட்டு எதிர்க் கடைக்குப் போறாங்க. வேற யாராவது எழுதியிருந்தா நாலு தடவை யோசிச்சிருப்பேன். நீங்க எழுதினதுன்னுதானே கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்சேன்!"

அக்கா ஒரு சென்சாரை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். தட்டை முகம். வளைந்த முகம். செல்பேசியில் தான் எடுத்த படத்தைப் பார்த்தார். மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார். ஒரு சாக்கும் சொல்லவில்லை. "ஆமா. தப்பு என்மேலதான்" என்றார். அன்று வகுப்பு முடியும் வரை நோட்டை மூடி வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிறு குறிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அக்கா வகுப்புக்கு வந்தார், கடைசி மேசையில் உட்கார்ந்தார், நோட்டைத் திறக்கவில்லை. யாராவது எழுத வேண்டுமே என்று நான் ஒருமுறை முயன்றேன். சலூன்காரர் படித்துவிட்டு, "சார், படிக்கப் படிக்க இனிக்குது. எதைச் செருகணும்னு மட்டும்தான் பிடிபடல" என்றார். மூன்றாம் வாரம் அவரே என்னை இழுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார்.

பகல் பதினோரு மணி, கூட்டமில்லை. "தீப்புண்ணுக்கு ஒரு களிம்பு கொடுங்கக்கா" என்றார்.

அக்கா அவருடைய பெருவிரலைப் பார்த்தார். "அதான் ஆறிப்போச்சே, தம்பி. எதுக்கு?"

"விரல் ஆறிடுச்சுக்கா. நான் அன்னிக்குக் கத்தினதுதான் ஆறலை."

அக்கா முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் கதவு குளிர்பெட்டியைக் காட்டினார். "இதுக்காகத்தான் நான் அந்த வகுப்புக்கே வந்தேன், தெரியுமா?" என்றார்.

வகுப்புக்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு நீண்ட விடுமுறையில் கடை பூட்டியிருந்தபோது நடந்தது. மின்சாரம் போய், ஒரு பகல் முழுக்க இல்லாமலிருந்து, கடை திறப்பதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டது. திங்கட்கிழமை அக்கா கதவைத் திறந்தபோது பெட்டி ஜில்லென்று இருந்தது. சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலின் அதற்குள்தான் இருந்தது. சூடுபட்டால் அதன் சக்தி போய்விடும், பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. புதன்கிழமைதான் பக்கத்து ஐஸ்கிரீம் கடைக்காரர் ஊரிலிருந்து வந்து, "மொத்தமும் உருகி ஓடிக் கிடக்கும்மா, ஞாயித்துக்கிழமை பூரா இந்த வரிசைக்கே கரண்ட் இல்லையாம்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் ஏழு இன்சுலின் பெட்டி விற்றாகிவிட்டது.

"மருந்துச் சீட்டைப் பாத்து ஆறு பேர் வீட்டைக் கண்டுபிடிச்சேன். கதவைத் தட்டி, கையில புதுப் பெட்டியைக் கொடுத்து, பழசை வாங்கிட்டு வந்தேன். ஏழாவதா வாங்கினது ஒரு உயரமான அம்மா, கையில குடை. வழியில போறவங்க. பேரும் தெரியாது, வீடும் தெரியாது. அவங்க திரும்ப வரவே இல்லை."

"வேற ஊர்க்காரங்களா இருக்கும்க்கா" என்றாள் தங்கை. நூறு முறை சொன்ன வார்த்தை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

"இருக்கும்" என்றார் அக்கா. எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க நாலு பேர் வகுப்புல இருக்கீங்க, வந்து கேட்டீங்க. அந்தப் பக்கத்தை யார் யார் படிக்கிறாங்கன்னே எனக்குத் தெரியாது. எந்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டுறது? அதான் பேனாவை எடுக்கவே கை வரலை."

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். யோசிக்கும்போது தன் தலைமுடியை இரண்டு விரலால் வெட்டுவது போலப் பிடிப்பது அவர் வழக்கம். "அதெல்லாம் சரிக்கா" என்றார் மெதுவாக. "நீங்க எழுதுறதை நிறுத்திட்டீங்க. அந்தக் குறிப்பு இன்னும் அங்கதானே இருக்கு? அது நிறுத்தலையே."

அக்காவின் முகம் வெளுத்தது. டீச்சர் அழித்திருப்பாள் என்று அவர் நினைத்திருக்கிறார். அக்காவே திருத்தட்டும் என்று டீச்சர் விட்டிருக்கிறாள். நாங்கள் ஆளுக்கொரு நினைப்பில் இருந்துவிட்டோம். மூன்று வாரம். "கடையைப் பாத்துக்கோ" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த மர பெஞ்சில் அங்கேயே உட்கார்ந்து செல்பேசியில் தட்டத் தொடங்கினார். தட்டி முடித்ததும் எங்களிடம் நீட்டினார்.

'எச்சரிக்கை. கீழே உள்ள குறிப்பு தவறு. எழுதியது நான். இதைப் பார்த்துச் செய்து நாலு சென்சார் போனது, ஒருவருக்கு விரல் சுட்டது. எந்த முகம் உங்களைப் பார்க்கிறது என்று முதலில் பாருங்கள். இதற்கு முன்பே செய்து கெட்டுப்போயிருந்தால் எனக்கு எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பதில் போடுவேன்.'

அதன் கீழே பழைய குறிப்பு அப்படியே இருந்தது; ஒவ்வொரு வரியின் மேலும் ஒரு கோடு ஓடியது.

அடுத்த வகுப்பில் டீச்சர், "அழிச்சுடலாமேக்கா. சரியானதை மட்டும் வெச்சா போதுமே?" என்று கேட்டாள். அக்கா எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். அன்று மட்டும் விடவில்லை.

"காலாவதியான மருந்தை நாங்க குப்பையில போடறதில்லை, டீச்சர். தனித் தட்டுல, சிவப்புச் சீட்டு ஒட்டி வெப்போம். போன மாசம் அதே மருந்தை வாங்கிட்டுப் போனவங்க வந்து, இதுவா அதுன்னு கேட்டா எடுத்துக் காட்டணும்ல? சரியானதை மட்டும் வெச்சா, தப்பா செஞ்சவங்களுக்கு அது தாங்க செஞ்சதுதான்னு எப்படித் தெரியும்?"

டீச்சர் தன் கணினியைத் திறந்து, முதல் வாரம் தான் சொல்லிக் கொடுத்ததில் இருந்த ஒரு தவறைத் தானே கோடு போட்டு, மேலே தன் எச்சரிக்கையை எழுதினாள். அது தவறு என்று அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது. பேட்டரியைத் தலைகீழாகப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கணினி நிரலில் குற்றம் தேடியதை நான் எழுதினேன். என் எழுத்தில் டீச்சர் தேடாமலே பொருள் கிடைத்தது அந்த ஒருமுறைதான். வங்கிக்காரர் ஒரு வரியைத் தாண்டி எட்டு வரி எழுதினார், எட்டும் தவறுகள். சலூன்காரர் தன் பெருவிரலைப் படமெடுத்துப் போட்டு, கீழே 'பக்க விளைவு: இது' என்று எழுதினார். இந்தமுறை அவர் முகம் இல்லை, விரல் துல்லியமாக இருந்தது. ஞாயிறு மாலைகள் மீண்டும் அக்காவுக்காகக் காத்திருந்தன.

கருகிய சென்சாரைப் பற்றி நாலு மாதத்தில் ஆறு பேர் எழுதினார்கள். முன்பின் தெரியாதவர்கள். ஒருவர் கோபமாக, ஒருவர் வேடிக்கையாக, ஒரு மாணவி அழுதுகொண்டு எழுதியது போல. அக்கா ஒவ்வொருவருக்கும் புதிதாகப் படம் வரைந்து, மன்னிப்புக் கேட்டு, 'இப்போது நீங்கள் சொல்லுங்கள்' என்று முடித்தார். ஆறு பேரும் சொன்னார்கள்.

வருடக் கடைசியில் குளிர்பெட்டிக்கான கருவி தயாரானது. உள்ளே ஒரு சிறு மருந்துப் புட்டியில் சென்சார். கதவு ரப்பர் வழியாக மூன்று கம்பி. வெளியே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி; பேட்டரியில் ஓடும், சூட்டை எண்ணில் காட்டும். சூடு ஏறினால் அக்காவின் செல்பேசிக்குச் செய்தி போகும். முதல் செய்தி வந்தது தங்கை மகளின் பள்ளி விழாவில். குழந்தை மேடையேறி வணக்கம் சொல்லும் நேரத்தில் அக்கா எழுந்து ஓடினார். குளிர்பெட்டியின் கதவு சரியாகச் சாத்தாமல் அட்டை ஒன்று இடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அட்டையை எடுத்துவிட்டு, எண் இறங்கும் வரை நின்று பார்த்துவிட்டு, திரும்ப ஓடினார். குழந்தை நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். "முன்னுரையும் முடிவுரையும் கேட்டேன், அதுவே நிறைவா இருந்துச்சு" என்பார். அந்தக் குறிப்பைப் பார்த்து எங்கோ ஒரு கால்நடை மருத்துவர் தன் தடுப்பூசிப் பெட்டிக்கு ஒன்று செய்து படம் அனுப்பினார். படத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆடு நின்றது.

வகுப்பு இரண்டாம் வருடம் நடக்கவில்லை. டீச்சர் வேறு நாட்டுக்குப் போனாள்; அங்கிருந்தபடியே பக்கத்தை மூடாமல் பார்த்துக்கொள்கிறாள். அந்த மாடி அறையில் இப்போது யாரோ தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள். நான் போன மாதம் ஏறிப் பார்த்தேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். நல்ல காற்று வந்தது. எனக்கு என்னவோ மூச்சு முட்டியது.

பெரியவர் ஒப்பித்துவிட்டுப் போன அந்தச் சனிக்கிழமை நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் செல்பேசி சிணுங்கியது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். எங்கிருந்தோ ஒருவர் பன்னிரண்டு வருடப் பழைய மோட்டார் குறிப்பைப் பார்த்து எழுதியிருந்தார்: 'வலப்பக்கமாகச் சுற்றும் என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு இடப்பக்கமாகச் சுற்றுகிறது. நான் என்ன தப்பு செய்தேன்?'

"கம்பியை மாத்திச் செருகியிருப்பார்" என்றேன்.

"அவர்தான் தப்பு செஞ்சாருன்னு எப்படிச் சொல்றீங்க, பத்திரிகை சார்?"

பின்னறையிலிருந்து ஒரு மோட்டாரை எடுத்து வந்தார். அதன் அச்சில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடி மாதிரி ஒட்டினார். அச்சு தன்னைப் பார்க்கும்படி மேசை மேல் படுக்க வைத்து, தன் குறிப்பில் இருந்தபடியே கம்பிகளைச் செருகினார். கொடி சுற்றியது. வலப்பக்கமாகத்தான். அக்கா உதடு அசைய அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு பேர் மருந்து வாங்க வந்து நின்றார்கள். தங்கை அவர்களைத் தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டாள்.

பிறகு அக்கா மேசையின் கோடியில் இருந்த மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார். சுற்றி நடந்து, மருந்து வாங்குபவர்கள் நிற்கும் இடத்தில் வந்து நின்றார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, கண்ணை மோட்டாரின் உயரத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பார்த்தார்.